மீன் வண்டியில் வந்த தாய்ப்பால்

மொத்த மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர்களுக்குத் தொண்டைதான் முதல். அவளுக்கு அது தாராளமாகவே வாய்த்திருந்தது. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியின் மேல் ஏறி நின்று அவள் விலை கூவ ஆரம்பித்தால், ஐஸ் அரைக்கிற இயந்திரமே கொஞ்சம் அடக்கி வாசிப்பது போலத் தோன்றும். பக்கத்து நூற்பாலையில் சங்கு ஊதுவதை நிறுத்திய வருஷம்தான் அவள் சந்தைக்கு வேலைக்கு வந்தாள். "ஆலைச் சங்கு போனா என்ன, அதான் இவ வந்துட்டாளே" என்று யாரோ சொல்லப்போக, அன்றிலிருந்து அவள் சங்கு. வயதில் சின்னவர்களுக்குச் சங்கக்கா.

ஈரத் தரை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்திலிருந்து தொங்கும் ரெக்சின் ஏப்ரன். இந்தக் கோலத்தில்தான் ஊர் அவளைப் பார்த்திருக்கிறது. ஒரு பெட்டியில் எவ்வளவு எடை மீன் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள். தராசில் வைத்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

வாங்க வருகிறவர்களில் ஒருவருக்குக் கொக்கு என்று பெயர். ஒல்லி, உயரம். தூணில் சாய்ந்து ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் கத்தி ஓய்கிற வரை வாயைத் திறக்க மாட்டார். கடைசி நேரத்தில் ஒரு விரலைத் தூக்குவார். நல்ல மீன் அவர் வண்டிக்குப் போய்விடும். அவருக்கும் சங்குக்கும் ஏழாம் பொருத்தம். "கடைசி வரைக்கும் தூங்கிட்டு இப்பதான் கண்ணு தொறக்குதாக்கும்" என்று அவள் பெட்டி மேலிருந்து சாடுவாள். அவர் காலை மாற்றி மடக்கிக்கொள்வார். விரல் மட்டும் அப்படியே நிற்கும்.

சங்குவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் அவளுக்கு நேர் எதிர். அவர்கள் சந்தித்ததே ஒரு லிஃப்டில்தான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவளுக்கு அபாய மணியை அழுத்தத் தோன்றவில்லை. வாயைத் திறந்தாள். மொட்டை மாடி அறையில், பக்கத்து லிஃப்டின் மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் தலையைக் கொடுத்து வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அது கேட்டது. "மணி அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காது" என்றார், கதவைப் பிளந்து அவளைக் கைகொடுத்து இறக்கும்போது. கல்யாணம் முடிகிற வரை அவர் அவளிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான் என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வெகு காலம் பிள்ளை இல்லை. விசாரிக்கிறவர்களுக்கு அவளே முந்திக்கொள்வாள்: "ஆர்டர் குடுத்தாச்சு, லோடுதான் வரலை." கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்தபின் அவள் ஏப்ரனை இரண்டு தடவை மூன்று தடவை கழுவுவாள். கணவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, குழாயை மூடி, அவள் கையிலிருந்து அதை வாங்கிக் கொடியில் போடுவார்.

கடைசியில் லோடு வந்தது. ஆனால் சொன்ன தேதிக்கு வரவில்லை.

ஏழு மாதம் நிறைய இன்னும் நாள் இருந்தது. அன்று காலை நல்ல சூரை மீன். சங்கு வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பெட்டி மேல் நின்றிருந்தாள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுக்கும்போதே இடுப்பை யாரோ இரும்புக் கிடுக்கியால் பிடித்த மாதிரி இருந்தது. கொக்கின் விரல் உயர்ந்து நின்றது. தொழில் புத்தி விடவில்லை. "மூணு தரம்!" என்று முடித்துவிட்டுத்தான் அவள் கீழே இறங்கினாள். இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சங்கு உட்கார்ந்து அந்தச் சந்தை பார்த்ததில்லை. பூட்ஸுக்குள் வெதுவெதுப்பாக நீர் இறங்குவது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

முதலில் ஓடி வந்தவர் கொக்குதான். வாங்கின மீனை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தன் வண்டியின் முன் இருக்கையில் ஏற்றினார். வழி நெடுக ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. "மூச்சு விடு தங்கச்சி, மூச்சு விடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. பூனைக்குட்டி தும்முவது போல ஒரு சத்தம் கேட்டதாகச் சங்குவுக்கு நினைவு. அதற்குள் யாரோ குழந்தையை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

மறுநாள் சக்கர நாற்காலியில் அவளைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். பெட்டிகளின் மேல் கனத்த துணி போர்த்தியிருந்தது, கருப்பையின் இருட்டு மாதிரி இருக்கட்டும் என்று. இயந்திரங்கள் மட்டும் அவ்வப்போது மெல்லக் கூவின. கணவர் ஏற்கெனவே ஒரு பெட்டியின் அருகில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழுதான லிஃப்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சங்கு பார்த்தாள். ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும் என்று பழக்க தோஷத்தில் கண் கணக்குப் போட்டுவிட்டது. அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. தோல் வழியே நரம்பு தெரிந்தது. மூக்கில் காற்றுக் குழாய், வாயில் இன்னொரு மெல்லிய குழாய். தொப்பி முகத்தில் பாதியை மூடியிருந்தது.

"ஐயோ, என்னங்க இது!" என்றாள்.

அவளைப் பொறுத்தவரை மெதுவாகத்தான் சொன்னாள். அந்த அறையில் அது இடி விழுந்த மாதிரி கேட்டது. பெட்டிக்குள் குழந்தை கையைக் காலை விரித்துத் தூக்கிப் போட்டது. மேலே மூச்சும் துடிப்பும் காட்டுகிற திரையில் எண்கள் இறங்கின. ஒரு விளக்கு மஞ்சளானது. மூத்த நர்ஸ் ஓடி வந்து, பெட்டியின் வட்டச் சன்னல் வழியே கையை விட்டு, குழந்தையின் தலையையும் பாதத்தையும் சேர்த்து அணைத்தாற்போல் பிடித்துக்கொண்டார். எண்கள் மெல்ல ஏறின.

"பயப்படாதீங்கம்மா. சத்தம் கேட்டா இவங்களுக்குத் தூக்கிப் போடும். கொஞ்சம் மெதுவாப் பேசினாப் போதும்."

சங்கு தலையாட்டினாள். மெதுவாகப் பேசுவது எப்படி என்று அவளுக்கு உண்மையாகவே தெரியாது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் போனால் அவள் வாயைத் திறப்பதில்லை.

கணவர்தான் பேசினார். பல வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து விட்டதைப் போல, பெட்டியின் சன்னலில் வாயை வைத்துக்கொண்டு, அடித் தொண்டையில், மணிக்கணக்கில். "சுண்டு, இன்னிக்கு ஒரு கதவு, மூடவே மாட்டேன்னு அடம். என்னடா விஷயம்னு பார்த்தா, யாரோ அதோட தண்டவாளத்துல சூயிங்கம் ஒட்டி வெச்சிருக்காங்க..." தன் சுண்டுவிரலைக் குழந்தை பிடித்துக்கொண்டதால் சுண்டு என்று பெயர் வைத்திருந்தார். சங்குவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பொறாமை. வெளியே வந்ததும் வெடித்தாள்.

"என்கிட்ட இத்தன வருஷத்துல இவ்ளோ பேசியிருக்கீங்களா?"

"நீ எங்க விட்ட?" என்றார் அவர், நியாயமாக.

அடுத்த பிரச்சினை பால். சங்குவுக்குப் பால் ஊறவில்லை. கருவியை வைத்து எவ்வளவு இழுத்தாலும் பாத்திரத்தின் அடியை ஈரமாக்குகிற அளவுகூட வரவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இவளோட குடல் இன்னும் பச்சைக் குடல். பவுடர் பால் குடுக்க எனக்கு மனசில்ல. நம்ம தாழ்வாரத்துக் கடைசியில தாய்ப்பால் வங்கி இருக்கு. பால் அதிகமா இருக்கற அம்மாக்கள் குடுக்கறது. ரத்தம் எல்லாம் பரிசோதனை பண்ணி, பாலையும் சூடாக்கி கிருமி நீக்கித்தான் தருவாங்க. உங்களுக்கு வர்ற வரைக்கும் அதைக் குடுக்கலாமா?"

சங்குவுக்குச் சுருக்கென்றது. "யாரோ ஒருத்தி பாலா?"

"யாரோ ஒரு அம்மா."

"ஓசியில வாங்கித்தான் எம் பிள்ளைய வளக்கணுமா டாக்டர்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கணவர்தான் தொண்டையைச் செருமினார்.

"கரண்ட் போயி லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, மேல சக்கரத்தைக் கையால சுத்தித்தான் ஏத்துவோம். அந்த நேரத்துல யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க சுத்துவாங்க. வாட்ச்மேன் சுத்துவாரு, பேப்பர் போடறவரு சுத்துவாரு. உள்ள இருக்கறவங்க யாரு கைன்னு கேக்க மாட்டாங்க. தரைக்கு வந்தாப் போதும்."

சங்கு மூக்கை உறிஞ்சினாள். "இதுக்கு மட்டும் வாய் வந்துரும்" என்றாள். சம்மதித்தாள்.

மூத்த நர்ஸ் ஊசி போடும் குழலில் கொஞ்சம் பாலை ஊற்றி, குழந்தையின் வாயிலிருந்த குழாயோடு பொருத்தி, கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ஒரு தேக்கரண்டி கூட இராது. அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய எவ்வளவோ நேரமானது. யார் வீட்டுச் சமையலறையில், எந்தப் பிள்ளை தூங்குகிற சமயம் பார்த்து, எவள் உட்கார்ந்து இதைப் பிழிந்து எடுத்தாளோ என்று சங்கு நினைத்துக்கொண்டே பார்த்தாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, கைக்குழந்தையோடு ஏறின ஒவ்வொரு பெண்ணையும் அவள் உற்றுப் பார்த்தாள். ஒருத்தி முறைத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

சுண்டு ஒரே சீராக ஏறி வரவில்லை. நான்கு நாள் எடை கூடும், ஐந்தாம் நாள் இறங்கும். சில சமயம் மூச்சு விடவே மறந்துவிடுவாள். நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டி நினைவுபடுத்துவார். ஒரு வாரம் வயிறு உப்பிக்கொண்டு, பாலை நிறுத்தி, மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா அந்த வாரம் சிரிக்கவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம்தான் மூத்த நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீங்க ஏன் பிள்ளைகிட்ட பேசறதே இல்ல?"

"என் குரல் இவளுக்கு ஆகாது சிஸ்டர்."

"யார் சொன்னது? உள்ள இருந்தப்பல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகின குரல் அது. அவளுக்கு அது புதுசு இல்ல. சத்தத்தைத்தான் குறைக்கணும், குரலை இல்ல. உங்க வேலை என்ன?"

"மீன் ஏலம் விடறேன்."

"அப்ப அதையே விடுங்க. காத்து மட்டும் வர்ற மாதிரி."

சங்கு குனிந்தாள். வெட்கமாக இருந்தது. உதட்டை அசைத்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு அதில் ஒரு நூல் குரல் சேர்ந்தது. "வாங்க வாங்க... நல்ல சரக்கு... பாத்து எடுங்க... ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அங்கே நிறுத்திவிட்டாள். மூன்றாம் தரம் என்றால் முடிந்தது, எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அர்த்தம். சந்தையில் அன்று அதைச் சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை கிளம்பிவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." சுண்டு கண் திறக்கவில்லை. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் சுருட்டி வைத்திருந்த முஷ்டி மெல்லப் பிரிந்தது. திரையில் எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த அறையில் அசையாமல் இருப்பதே பெரிய விஷயம் என்பதைச் சங்கு அதற்குள் கற்றிருந்தாள்.

வயிறு சரியானது. மருந்தை நிறுத்தினார்கள். ஒரு நாள் குழந்தையை வெளியே எடுத்து, கணவரின் வெற்று மார்பில் கவிழ்த்துப் போட்டு, மேலே போர்வையால் போர்த்திவிட்டார்கள். தோலோடு தோல் ஒட்டிக்கொண்டால் குழந்தைக்குச் சூடும் நிற்கும், மூச்சும் சீராகும் என்றார்கள். அவர் சாய்வு நாற்காலியில் சிலை மாதிரி இருந்தார். மூக்கின் மேல் உட்கார்ந்த கொசுவைக்கூட விரட்டவில்லை. மறுநாள் சங்குவின் முறை. தன் நெஞ்சின் மேல் அந்தக் கொஞ்சூண்டு எடை ஏறி இறங்கியபோது அவளுக்குக் கணக்குப் போடத் தோன்றவே இல்லை. அன்று மாலை அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. பால்.

அதற்குப் பிறகு வந்ததே, அது அடங்காத பால். சுண்டுவுக்குப் போக, மருத்துவமனைக் குளிர்பெட்டியில் அவள் பெயர் ஒட்டிய குப்பிகள் ஒரு தட்டு முழுக்க நின்றன. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளில், சங்கு நேராகத் தாழ்வாரத்துக் கடைசிக்குப் போனாள்.

பால் வங்கி என்பது இரண்டு சின்ன அறைகள். ஒரு தொண்டு அமைப்பு நடத்தியது. பொறுப்பில் இருந்த பெண் முன்பு பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். எல்லோருக்கும் டீச்சர்தான். அவருடைய மகனும் ஒரு காலத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் ஒன்றில் படுத்திருந்தவன்.

"இதை எடுத்துக்குங்க" என்றாள் சங்கு. "நான் வாங்கினதுக்கு இது ஈடாகாது. ஆனாலும் எடுத்துக்குங்க."

டீச்சர் பெரிய குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே முக்கால்வாசி காலி.

"குடுக்க ஆள் இல்லாம இல்லம்மா. நகரத்துக்கு வெளிய எத்தனையோ அம்மாக்கள் எடுத்து உறைய வெச்சுட்டு போன் பண்றாங்க. கைப்பிள்ளையோட ரெண்டு பஸ் மாறி வர முடியல. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு வண்டி. அதை ஓட்டினவரும் வேற ஊருக்குப் போயிட்டாரு. போன வாரம் ரெண்டு குழந்தைக்கு இல்லன்னு சொல்லி அனுப்பினேன்."

சங்கு குளிர்பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள். "எங்க சந்தை வண்டிங்க விடிஞ்சா கிளம்பி எல்லாப் பக்கமும் மீன் கொண்டு போகுது. திரும்பி வரும்போது காத்தைத்தான் ஏத்திட்டு வருது" என்றாள்.

"மீன் வண்டியிலயா?" டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பின்னாடி இல்ல டீச்சர். முன் சீட்ல. ராஜா மாதிரி."

டீச்சர் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையைக் கேட்டார், தன் அமைப்பில் கேட்டார், கடைசியில் நிபந்தனை போட்டார். மூடி இறுகும் தனிப் பெட்டி, வெப்பமானி, கழுவின கை, சுத்தச் சட்டை. பெட்டிக்குள் குளிருக்கு உறைந்த ஜெல் பைகள்.

"ஐஸ் எங்ககிட்ட மலையாக் கெடக்குது" என்றாள் சங்கு.

"ஐஸ் கூடாது. பால் ஐஸை விடக் குளிரா உறைஞ்சிருக்கும். மேல ஐஸ் போட்டா, அந்த ஐஸே அதுக்குச் சூடு. இளக ஆரம்பிச்சுரும்."

ஐஸ் சூடாம்! சங்கு தலையாட்டி வைத்தாள். மனதுக்குள், வேலைக்கு வந்த நாளிலிருந்து ஐஸில் புரளுகிறவளுக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். கணவர் பகல் வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு காலையில் சுண்டுவைப் பார்த்துக்கொண்டார். மீன் ஏலம் முடிந்து, எல்லாரும் பூட்ஸைக் கழுவத் தொடங்கிய நேரத்தில், சங்கு பெட்டியை விட்டு இறங்கவில்லை.

"யாரும் போகாதீங்க! இன்னும் ஒரு சரக்கு பாக்கி இருக்கு!"

திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் எதுவும் இல்லை.

"எம் பொண்ணு பொழச்சு வந்தது யாரோ பெத்தவங்க பாலால. இன்னும் எத்தனையோ பிள்ளைங்க அங்க பெட்டிக்குள்ள கெடக்குது. பால் இருக்குது, கொண்டு வர ஆள் இல்ல. நீங்க காலியாத் திரும்பி வர்ற பாதையைத்தான் நான் இப்ப ஏலம் விடறேன். காசு வேணாம். வாரத்துல எத்தன நாள்னு கேளுங்க. வடக்குப் பாதை! யார் கேக்கறா?"

சிலர் குனிந்து, கழுவின பூட்ஸையே திரும்பவும் கழுவினார்கள். பிறகு ஹோட்டல்களுக்கு மீன் போடுகிறவர், "ஒரு நாள்" என்றார், கூச்சத்தோடு.

"ஒரு நாள்! ஒரு நாளாம்! பிள்ளை வாரத்துக்கு ஒரு நாள்தான் பால் குடிக்குமாண்ணே?"

சிரிப்பு கிளம்பியது. "ரெண்டு நாள்!" என்றது ஒரு குரல். "மூணு!" என்றது இன்னொன்று, முந்தின குரலுக்குச் சொந்தக்காரரோடு பழைய பகை இருந்ததால். ஏலம் சூடு பிடித்தது. வடக்கு போனது, கிழக்கு போனது. மலையடிவாரத்துப் பாதைதான் கடைசி. நீளமான வழி, குண்டும் குழியுமான ரோடு. அதைக் கேட்க யாரும் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு தரம்..." என்றாள் சங்கு. "ரெண்டு தரம்..."

தூணில் சாய்ந்திருந்த கொக்கு விரலைத் தூக்கினார்.

"எத்தன நாள்ண்ணே?"

"எல்லா நாளும்."

"மூணு தரம்" என்று அவள் முடித்தது முன் வரிசைக்குக் கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஏன் அந்தப் பாதையை எடுத்தார் என்று பின்னால் பல பேர் கொக்கைக் கேட்டார்கள். "சும்மா கெடந்துது" என்பார்.

முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு வெயில் நாள். கொக்கின் வண்டி வழியில் பழுதாகி நிற்க, அவர் பெட்டியை இன்னொரு வண்டியில் சந்தைக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்து மருத்துவமனைக்கு எடுத்துப் போவது சங்குவின் பொறுப்பு. பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஜெல் பைகள் தளர்ந்திருந்தன. குளிர் அறைக்குப் போய்ப் புதுப் பைகள் எடுத்து வரச் சோம்பல் இல்லை, ஐஸ் மேல் இருந்த நம்பிக்கைதான். அரைத்த ஐஸை இரண்டு கை அள்ளி உள்ளே போட்டு மூடினாள்.

டீச்சர் மூடியைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, ஒரு குப்பியை எடுத்து விரலால் தட்டினார். குப்பிக்குள் பால் குலுங்கியது.

"ஐஸ் போட்டீங்களா?"

சங்குவால் பொய் சொல்ல முடியவில்லை. டீச்சர் திட்டவில்லை. ஒவ்வொரு குப்பியாகத் திறந்து தொட்டியில் ஊற்றினார். வெள்ளையாகச் சுழன்று வடிகாலில் இறங்கியது. ஒரு தேக்கரண்டி இறங்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவள், இது இறங்குகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குப்பி ஒன்றில் யாரோ ஒரு தாய் பூ ஒன்று வரைந்து ஒட்டியிருந்தாள்.

"நான் போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வரேன்" என்றாள் சங்கு.

"சொல்ல வேணாம்மா. அவங்களுக்கு மனசு விட்டுப் போயிரும். அடுத்த தடவை சரியாக் கொண்டு வாங்க, போதும்."

அன்று அவள் வீட்டுக்குப் போய் ஒரு பேச்சும் பேசவில்லை. கணவர் பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும், சுண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டே யோசித்தார். லிஃப்ட் மோட்டார் சூடேறினால் மணியடிக்கிற ஒரு சின்னக் கருவி அவரிடம் உபரியாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரோடு உட்கார்ந்து, பெட்டிக்குள் குளிர் குறைந்தால் கீச்சென்று கத்துகிற மாதிரி ஒன்றைச் செய்து மாட்டினார். "உன் தங்கச்சி" என்று சங்குவிடம் அதை அறிமுகப்படுத்தினார். பின்னால் எல்லாப் பெட்டிகளிலும் அதே மாதிரி ஒன்று மாட்ட, பெட்டிகளுக்கெல்லாம் தங்கச்சி என்றே பெயர் நிலைத்தது. "தங்கச்சி கத்தறா, பை மாத்துங்கடா" என்று டிரைவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

பிறகு ஒரு குப்பியும் வீணாகவில்லை என்று சொன்னால் அது கதை. வீணாயின. பஞ்சர், மழை, மறதி எல்லாம் இருந்தன. ஏலத்தில் வீராப்பாகக் கேட்டவர்களில் பாதிப் பேர் இரண்டு மாதத்தில் நழுவினார்கள். நழுவினவர்களைச் சங்கு பெட்டி மேல் நின்றுகொண்டு எல்லார் முன்னிலும் நலம் விசாரித்தாள். அதற்குப் பயந்தே சிலர் திரும்பி வந்தார்கள். பக்கத்து மருத்துவமனைக்கும் பால் கொடுக்கிற அளவுக்கு டீச்சரின் குளிர்பெட்டி நிறைந்தபோது, இன்னொரு குளிர்பெட்டி வாங்க வேண்டியதாயிற்று.

சுண்டு வளர்ந்தாள். எல்லாப் பிள்ளைகளும் நடந்த வயதில் அவள் உட்கார்ந்தாள். எல்லாரும் ஓடியபோது நடந்தாள். சளி பிடித்தால் நெஞ்சு வரை இறங்கும். பந்தைப் போட்டால் பிடிக்க மாட்டாள், முகத்தில் வாங்கிக்கொள்வாள். மந்தம் என்றார்கள் சிலர். டாக்டரம்மா மட்டும் கண்ணைப் பார்க்க அனுப்பினார். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குப் பார்வைக் குறை இருப்பது உண்டு, கண்ணாடி போட்டால் போதும் என்றார் கண் டாக்டர்.

கண்ணாடி வந்த அன்று மாலை, கணவர் அவளை மடியில் வைத்து, ரப்பர் பட்டையைத் தலைக்குப் பின்னால் மாட்டிவிட்டார். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் இரண்டும் பெரிதாகி உருண்டன. சுண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரில் மண்டியிட்டிருந்தாள்.

குழந்தையின் முதல் பார்வை அம்மாவின் மேல் விழவில்லை. மேலே போனது.

"அது யாரு?"

டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பல்லி.

"பல்லிடா செல்லம்."

"நம்ம வீட்லயா இருக்கு?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து இருக்கு."

சுண்டுவுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. இத்தனை நாள் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று இருவரையும் மாறி மாறி முறைத்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மூக்கு மூக்கோடு இடிக்கிற அளவு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அப்பா, உங்க மீசைல வெள்ளையா ஒண்ணு ஒட்டியிருக்கு."

"அது முடிம்மா."

"எடுத்துடவா?"

"வேணாம், இருக்கட்டும்" என்றார் அவர். சங்கு சிரித்த சிரிப்பில் பல்லி சுவரை விட்டு ஓடியது. சுண்டு இறங்கி, அது எங்கே போயிற்று என்று பார்க்க, நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.